குன்னூர் ஏத்தத்துல கொதிக்கிற அம்பாசிடர் மார்க் 2: ரேடியேட்டர், வாட்டர் பாடி, பெல்ட் எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் என்ன பாக்கி?

மார்க்2_கோவை:
வணக்கமுங்க எல்லாருக்கும். வீட்ல 1970 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்குதுங்க, பெட்ரோல், அந்த 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின், ஹேண்ட் கியர். அப்பா வாங்குன வண்டி, நடுவுல பதினோரு வருஷம் செட்ல நின்னு போச்சு, போன வருஷந்தான் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சேன். டவுனுக்குள்ள, காரமடை வரைக்கும், அன்னூர் பக்கம் எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லீங்க. போன மாசம் குடும்பத்தோட குன்னூர் கிளம்பினோம், கல்லாறு தாண்டி மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே பானெட் ஓரத்துல ஆவி, பர்லியாறு வர்றதுக்குள்ள ஓவர்ஃப்ளோ குழாய்ல தண்ணி பீச்சி அடிக்குது. ஓரமா நிறுத்தி முக்கா மணி நேரம் ஆற விட்டு தண்ணி ஊத்தி, மறுபடி ரெண்டு வளைவு, மறுபடி கொதி. கடைசில திருப்பிட்டு எறங்கிட்டோம். அம்மா பின்சீட்ல ஒண்ணுமே பேசல, அது எனக்கு ரொம்ப சங்கடமா போச்சுங்க.

இதுவரைக்கும் பண்ணது: ரேடியேட்டர் பட்டறைல குடுத்து மேல் டேங்க் எடுத்து கம்பி விட்டு சுத்தம் பண்ணி ஈயம் வச்சு வாங்கியாச்சு. வாட்டர் பாடி, அதாவது தண்ணி பம்ப், புதுசு. ஃபேன் பெல்ட் புதுசு. மெக்கானிக் ஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தற தெர்மோஸ்டாட்) கழட்டி எறிஞ்சுட்டாரு, இங்க வெயிலுக்கு அது தேவையே இல்லைங்கறாரு. இப்ப அவரு என்ன சொல்றாருன்னா வேற வண்டியோட பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டு, முன்னாடி தகரத்தை வெட்டி எலெக்ட்ரிக் ஃபேன் வைக்கணுமாம். எனக்கு வண்டியை வெட்ட மனசில்லீங்க. 2021 ஜூலைல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்குது, ஆனா பாடி, சேஸ், எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக்கூடாது, முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், அதையும் மனசுல வச்சிருக்கேன். வெட்டறதுக்கு முன்னாடி வேற எதாச்சும் பார்க்க வேண்டியது இருக்குதுங்களா?

டாக்ஸி_மதுரை:
தம்பி, நான் ஸ்டாண்டுல 22 வருசம் அம்பாசிடர் ஓட்டுனவன். வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு எத்தனை நடைன்னு கணக்கே கிடையாது. எங்க ஸ்டாண்டுல ஒரு வண்டியில கூட ஸ்டாட் வால்வு கிடையாதுய்யா, எல்லாம் கழட்டித்தான் ஓட்டுனோம், அது மூடிக்கிட்டு மக்கர் பண்ணி ஹெட்டு, அதான் எஞ்சின் மேல்பாகம், வளைஞ்ச வண்டிகளை நான் கண்ணால பாத்துருக்கேன். உங்க மெக்கானிக் செஞ்சது சரிதான். கோளாறு வேற எங்கிட்டோ இருக்கு. முதல்ல கீழ் ஹோஸை பாருங்க, நல்லா ரேஸ் குடுக்கும்போது அது சப்பிக்கிட்டு உள்ள ஒட்டுதான்னு.

பழைய_பிஎம்சி:
வணக்கம். 1489 சிசி எஞ்சின் நாலைஞ்சு பிரிச்சு சேர்த்த அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எந்த சமயத்துல சூடாகுதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். சிக்னல்ல நிக்கும்போது ஏறி, ஓட்டினா இறங்கிச்சுன்னா அது காத்து பிரச்சனை, ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் ஃபின்ல அடைச்ச பூச்சி, தூசி. நிக்கும்போது நல்லா இருந்து, லோடு ஏறும்போது, வேகத்துல சூடாச்சுன்னா அது தண்ணி ஓட்டம், இல்லைன்னா எஞ்சினே அதிகமா சூட்டை உண்டாக்குது. உங்களோடது ரெண்டாவது வகை. அதனால எலெக்ட்ரிக் ஃபேன் உங்களுக்கு மருந்தே இல்லை, அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுடுங்க.

ரெண்டாவது, மூடி. உங்க ரேடியேட்டர் மூடியில எத்தனை பவுண்டுன்னு (பிஎஸ்ஐ, மூடி பிடிச்சு வைக்கிற அழுத்தம்) அச்சு இருக்கா? இந்தக் காலத்து வண்டிகளுக்கு 4 பிஎஸ்ஐ, 7 பிஎஸ்ஐ மூடிங்க தான் வரும். 7 பிஎஸ்ஐ அழுத்தம் நின்னா தண்ணி கொதிக்கிற புள்ளி 111 டிகிரி கிட்ட போகும், 4 நின்னா 107. மூடி அழுத்தமே பிடிக்கலைன்னா சமவெளியில 100, குன்னூர் 1850 மீட்டர் உயரம், அங்க வெறும் தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சுடும். அதாவது நீங்க மேல ஏற ஏற எஞ்சின் சூடு கூடுது, கொதிநிலை குறையுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நோக்கி வருது. மூடி சரியா இருந்தா குன்னூர்லயும் 107 வரைக்கும் தாங்கும். 13 டிகிரி வித்தியாசம் ஒரு மூடியில இருக்கு.

இதுல ஒரு சூட்சுமம். பழைய பிரிட்டிஷ் ரேடியேட்டர் கழுத்து சிலது ஆழமா இருக்கும், ஒரு இன்ச். இப்ப கடையில கிடைக்கிற மூடி பெரும்பாலும் முக்கால் இன்ச். மேல நல்லா திருகி உக்காந்துடும், ஆனா உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் கழுத்தோட அடி விளிம்பைத் தொடவே தொடாது. பார்க்க புது மூடி, அழுத்தம் பூஜ்யம். ஒரு ஸ்கேல் வச்சு கழுத்து ஆழத்தையும் மூடி ஆழத்தையும் அளந்து சொல்லுங்க. அதுக்காக இருக்கட்டும்னு 13 பிஎஸ்ஐ மூடி வாங்கிப் போட்டுடாதீங்க, அம்பது வருஷ ஈய ஒட்டு எல்லாம் பிரிஞ்சுடும்.

மூணாவது, இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரம், லேட்டா இருந்தாலும், அதை முன்னாடி நகர்த்தற வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிஞ்சிருந்தாலும், கார்புரேட்டர் லீனா (பெட்ரோல் குறைவா, காத்து கூடுதலா) இருந்தாலும் எக்ஸாஸ்ட் பக்கம் சூடு தாறுமாறா ஏறும். ரேடியேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் இது போகாது.

ஸ்டாட் வால்வு பத்தி மதுரை அண்ணன் சொன்னதுக்கு தனியா எழுதறேன், அவர் சொன்ன கீழ் ஹோஸ் விஷயம் நூத்துக்கு நூறு சரி, அது பம்ப் உறிஞ்சுற பக்கம், உள்ள இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடிச்சு போயிருந்தா ரேஸ் குடுக்கும்போது சப்பிக்கும், ஐடில்ல பார்த்தா தெரியவே தெரியாது.

பத்மினி_சேலம்:
எலெக்ட்ரிக் ஃபேன் பத்தி என் அனுபவம். எங்க பத்மினில ஆசைப்பட்டு ஒண்ணு மாட்டினேன். அந்த ஃபேன் மட்டும் 10 ஆம்பியருக்கு மேல இழுத்துச்சு, அப்ப என்கிட்ட டைனமோ தான், ராத்திரி ஏற்காடு ஏறி இறங்கினப்ப ஹெட்லைட் மஞ்சளா மங்கிப் போய் கீழ வரும்போது பேட்டரி காலி. ஆல்டர்னேட்டர் மாத்தினா தான் அது சரிப்படும், அப்புறம் ஒயரிங், ரிலே, ஃப்யூஸ்னு ஒவ்வொண்ணா இழுத்துட்டே போகும். கழட்டிட்டேன். கம்பெனி ஃபேனே போதும், பிளேடு சரியான பக்கம் திரும்பி மாட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க, வாட்டர் பாடி மாத்தும்போது ஃபேனை திருப்பிப் போட்டுட்டு போன ஆளுங்க இருக்காங்க, அப்பவும் காத்து வரும் ஆனா பாதி தான் வரும்.

மார்க்2_கோவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு உக்காந்து பார்த்தேன்.

ஃபேன் சரியா தான் இருக்குது. பெல்ட் நடுவுல அழுத்துனா அரை இன்ச் அளவு அமுங்குது. கீழ் ஹோஸ் ரேஸ்ல லேசா சுருங்குச்சு, புதுசு மாத்திட்டேன். டைமிங் லைட் வச்சு பார்த்தோம், கொஞ்சம் லேட் தான், சரி பண்ணியாச்சு, அட்வான்ஸ் குழாயை வாய்ல வச்சு உறிஞ்சுனா உள்ள தட்டு நகருது, அது நல்லா இருக்குது.

மூடி தானுங்க பெரிய விஷயம். பிஎம்சி ஐயா சொன்னது அப்படியே. கழுத்து ஒரு இன்ச் ஆழம், நான் போட்டிருந்த மூடி முக்கால் தான் வருது. கழுத்தோட அடி விளிம்புல க்ரீஸ் தடவி மூடியை இறுக்கி எடுத்தேன், ரப்பர்ல க்ரீஸ் ஒட்டவே இல்லீங்க. இத்தனை நாளும் மூடியே இல்லாத பாத்திரம் மாதிரி தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன். நீட்டு மூடி 7 பிஎஸ்ஐ சென்னை புதுப்பேட்டைல ஒரு கடைக்காரர் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு.

நீலகிரி_மைனர்:
நான் குன்னூர் தான். மோரிஸ் மைனர் 1000 வச்சிருக்கேன், மேட்டுப்பாளையம் போய்ட்டு வர்றது மாசம் ரெண்டு தடவை. ஓட்டற விதத்தையும் சேர்த்து சொல்றேன். கீழ இருந்து வர்றவங்க பெரும்பாலும் டாப் கியர்ல, இல்லைன்னா தேர்டுல திணறத் திணற ஏத்தறாங்க. எஞ்சின் மெதுவா சுத்தினா பம்பும் மெதுவா சுத்தும், ஃபேனும் மெதுவா சுத்தும், ஆனா ஆக்ஸிலேட்டர் முழுசா மிதிச்சிருப்பீங்க, சூடு மட்டும் முழுசா வரும். தைரியமா செகண்டுக்கு போங்க, எஞ்சின் சுத்தட்டும், சத்தம் வந்தா பரவாயில்ல. அப்புறம் சூடாச்சுன்னா உடனே சாவியை ஆஃப் பண்ணாதீங்க, தண்ணி நின்னுடும், ஹெட்ல இருக்கிற சூடு அப்படியே தேங்கி அப்ப தான் பொங்கும். நிழலா காத்து வர்ற பக்கம் மூக்கை திருப்பி நிறுத்தி ஐடில்ல கொஞ்சம் கூட வச்சு ஓட விடுங்க. கொதிச்சு வெளிய கொட்டிடுச்சுன்னா மட்டும் ஆஃப் பண்ணிட்டு காத்திருங்க, சூடான எஞ்சின் பிளாக்ல ஆத்துத் தண்ணி ஊத்தறதை நான் பர்லியாறுல எத்தனையோ தடவை ஓடிப் போய் தடுத்திருக்கேன், பச்சத் தண்ணி பட்டா பிளாக் விரிசல் விடும்.

பழைய_பிஎம்சி:
இப்ப ஸ்டாட் வால்வு. மதுரை அண்ணன் அனுபவத்தை நான் மறுக்கல, அவர் காலத்துல கிடைச்ச வால்வுங்க தரம் அப்படி, மூடின நிலையிலயே செத்துப் போகும், ஹெட் வளையும், அதுக்கு பயந்து எடுத்தாங்க. நியாயம் தான். ஆனா எடுத்துட்டா என்ன ஆகுதுன்னும் பார்க்கணும்.

"தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது"ன்னு ஒரு காரணம் சொல்வாங்க, அது தப்பு, வேகமா ஓடினா மொத்தத்துல சூடு அதிகமா தான் வெளியேறும். நிஜ காரணம் வேற. ஸ்டாட் வால்வு திறந்திருந்தாலும் ஒரு சின்ன தடை. அந்தத் தடை இருக்கறதால பம்புக்கும் அதுக்கும் நடுவுல, அதாவது பிளாக், ஹெட் உள்ள, அழுத்தம் கொஞ்சம் கூட நிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சுத்தி இருக்கிற ரொம்ப சூடான இடத்துல தண்ணி குட்டிக் குட்டி ஆவிக் குமிழியா மாறாம அது தடுக்குது. ஆவி ஒட்டின இடத்துல தண்ணி இரும்பைத் தொடாது, சூட்டை எடுக்காது. ரெண்டாவது, சமவெளியில காலைல எஞ்சின் 60 டிகிரியைத் தாண்டாமலே ஓடிட்டு இருக்கும், ஆயில்ல ஈரம் ஆவியாகாம மேல் மூடில பால் மாதிரி திரண்டு நிக்கும், சிலிண்டர் தேயும், பெட்ரோல் கூட குடிக்கும். 22 வருஷம் ஓடின டாக்ஸிங்க எத்தனை தடவை சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணினாங்கன்னு அண்ணனே சொல்லட்டும்.

என் யோசனை 82 டிகிரி வால்வு வாங்குங்க. மாட்டறதுக்கு முன்னாடி வீட்லயே சோதிக்கலாம், பாத்திரத்துல தண்ணி வச்சு, நூல்ல கட்டி நடுவுல தொங்க விடுங்க, அடியில படக்கூடாது, பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர். 82 கிட்ட திறக்க ஆரம்பிச்சு பத்து பன்னெண்டு டிகிரி ஏறறதுக்குள்ள முழுசா திறக்கணும். திறக்காத வால்வை மாட்டவே வேண்டாம்.

டாக்ஸி_மதுரை:
போர் பண்ணுனது உண்மைதான் சார், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு முன்னாடியே பண்ணுவோம், ஆனா அதுக்கு தண்ணியும் காரணம், ஆயிலும் காரணம், ஏர் ஃபில்டரும் காரணம், இந்த ஒண்ணை மட்டும் சொல்ல முடியாது. ஆயில் மூடில வெள்ளையா நுரை நின்னது மட்டும் எல்லா வண்டியிலயும் பாத்துருக்கேன், அதை நாங்க கேஸ்கட்டு போச்சுன்னு நினைச்சு ஹெட்டை எறக்கி ஏத்துன கதையெல்லாம் உண்டு. நீங்க சொல்ற காரணம் இப்பத்தான் எனக்கு விளங்குது. ஆனாலும் மலையில மாட்டி நடுரோட்டுல நிக்கிற பயம் எனக்கு போகாது. தம்பி வால்வு போடட்டும், டிக்கியில ஸ்பேனரும் ஒரு பேக்கிங் பேப்பரும் வச்சுக்கிரட்டும்.

மார்க்2_கோவை:
நீட்டு மூடி வந்துச்சுங்க. போட்டுட்டு போன ஞாயித்துக்கிழமை தனியா மலை ஏறிப் பார்த்தேன். செகண்டுலயே ஏத்துனேன். முன்ன மூணாவது வளைவுல கொதிச்சது இப்ப எட்டாவது வரைக்கும் போச்சு. அதுக்கு மேல பொங்கிருச்சு. முன்னேத்தம் தான், ஆனா தீரலீங்க.

ஒரு இன்ஃப்ராரெட் கன் வாங்கியிருந்தேன். ரேடியேட்டர் பித்தளை டேங்கை குறி வச்சா 58ன்னு காட்டுது, கை வச்சா பொசுங்குது, கன்னே கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன். அப்புறம் தான் தெரிஞ்சுது பளபளன்னு இருக்கிற உலோகத்துல அது குறைச்சு காட்டுமாம், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அளந்தா 91 வந்துச்சு. அதே மாதிரி பிளாக்ல நாலு இடத்துல டேப் ஒட்டி அளந்தேன். முன்னாடி, வாட்டர் பாடி பக்கத்துல 88. ஹெட் முன்பக்கம் 93. பிளாக் பின்பக்கம், நாலாவது சிலிண்டர் கீழ 119. ரெண்டு மூணு தடவை அளந்துட்டேன், அதே தான். இது எதாச்சும் சொல்லுதுங்களா?

பழைய_பிஎம்சி:
சொல்லுது. நான் முதல்லயே கேட்டிருக்கணும், என் தப்பு. பிளாக் பின்பக்கம் ஒரு சின்ன பித்தளை குழாய் இருக்கும், பிளாக் தண்ணி வடிக்கிறதுக்கு. எஞ்சின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் அதைத் திறங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.

மார்க்2_கோவை:
திறந்தேனுங்க. ஒண்ணுமே வரல. ஒரு சொட்டு கூட இல்ல. ரேடியேட்டர் நிறைய தண்ணி இருக்குது.

பழைய_பிஎம்சி:
கிடைச்சுடுச்சு உங்க வியாதி. இந்த எஞ்சின்ல பம்ப் தண்ணியை பிளாக் முன்பக்கம் தள்ளுது, அது பின்னாடி வரைக்கும் போய், ஓட்டைங்க வழியா ஹெட்டுக்கு ஏறி, ஹெட்ல முன்னாடி நடந்து வந்து ஸ்டாட் வால்வு வழியா வெளிய போகுது. பிளாக் பின் மூலை தான் கடைசி, அங்க வேகம் குறைவு. அம்பது வருஷ துரு, உப்பு, வார்ப்பு மணல் எல்லாம் அடியில அங்க தான் போய் உக்காரும். ரேடியேட்டரைப் பத்து தடவை சுத்தம் பண்ணினாலும் அது அசையாது. குழாயை முழுசா கழட்டிட்டு அந்த ஓட்டைல கெட்டியான கம்பி விட்டு குத்துங்க. சைக்கிள் போக்ஸ் கம்பி முனையை லேசா வளைச்சுக்கிட்டா நல்லது. பொறுமையா பண்ணுங்க.

யாழ்_ஆஸ்டின்:
நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்களிட்ட 1953 ஆஸ்டின் ஏ40 சமர்செட் இருக்கு, 1200 சிசி, உங்கட எஞ்சினுக்கு அண்ணன் முறை எண்டு சொல்லலாம், அதிலயிருந்து வளந்ததுதான் உங்கட பிஎம்சி. எங்கட பக்கம் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணியை கேத்தில்ல கொதிக்க வச்சாலே ரெண்டு மாசத்தில வெள்ளைப் படை பிடிச்சிடும். அந்தத் தண்ணியைத்தான் அப்பாவும் பெரியப்பாவும் இந்த வாகனங்களுக்கு விட்டவை, வேற என்ன செய்யிறது. 90களில பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயில ஓடினவை, தொடங்க மட்டும் கொஞ்சம் பெற்றோல். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் நல்ல சூடா இருக்கவேணும், அதால ரேடியேட்டருக்கு முன்னால மட்டை வச்சு மறைச்சு ஓடினதை நான் சின்னனில பாத்தனான். சூட்டோட சேர்ந்து சுண்ணாம்பும் நல்லாப் படிஞ்சு இறுகிப்போச்சு.

நாங்கள் திறந்தபோது பின்பக்கம் மண் மாதிரி இல்லை, கல்லு மாதிரி இருந்தது. கம்பியால மட்டும் ஏலாது. பக்கத்தில இருக்கிற வெல்ச் பிளக்குகளையும் (பிளாக் ஓட்டைகளை அடைக்கிற தகடுகள், கோர் பிளக் எண்டும் சொல்லுவினம்) கழட்டினால்தான் கை போகும். அதோட எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), கடையில சமையலுக்கு விக்கிறதுதான், அதைக் கரைச்சு விட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கழரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாவிக்கச் சொல்லி சிலபேர் சொல்லுவினம், தயவு செய்து வேண்டாம், இரும்பையும் ஈயத்தையும் சேத்துத் தின்னும்.

மார்க்2_கோவை:
ரெண்டு வாரமா எழுதாததுக்கு மன்னிச்சுக்கோங்க, வண்டி பிரிச்சுப் போட்டாச்சு.

சைக்கிள் போக்ஸ் கம்பி விட்டு முதல் அரை மணி நேரம் ஒண்ணுமே இல்லீங்க, கெட்டிச் சுவர்ல குத்தற மாதிரி. அப்புறம் பொசுக்குன்னு உள்ள போச்சு, காப்பித்தூள் கலர்ல ஒரு குழம்பு மெதுவா வழிய ஆரம்பிச்சு, அதுக்கு பின்னாடி செங்கல் பொடி மாதிரி துரு, அப்புறம் தண்ணி. யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதால மேனிஃபோல்டை இறக்கி பக்கத்துல இருந்த கோர் பிளக்குகளையும் எடுத்தேன். ஓரத்துல உளி வச்சு ஒரு தட்டு தட்டினா திரும்பிக்குது, அப்புறம் ப்ளையர்ல பிடிச்சு இழுத்துடலாம். கடைசி பிளக் தட்டுனவுடனே உளி நேரா உள்ள போயிடுச்சு, அப்பளம் மாதிரி துரு தின்னு போயிருந்துச்சு, வெளிய பெயிண்ட் மட்டும் தான் தண்ணியை நிறுத்தி வச்சிருந்திருக்குது. அது மலையில போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி சரியா தூங்கலீங்க.

உள்ள இருந்து சுரண்டி எடுத்ததை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல போட்டேன், அரை டப்பாவுக்கு மேல வந்துச்சு. நாலாவது சிலிண்டர் சுவரைச் சுத்தி பாதி உயரத்துக்கு இறுகி உக்காந்திருந்துச்சு, அங்க தண்ணி போகவே இடமில்ல.

எங்க தோட்டத்துல போர் தண்ணி தானுங்க, உப்பு அதிகம். சிறுவாணி தண்ணி டவுன் வீட்டுல மட்டும் தான், அப்பா தோட்டத்துல இருந்து தான் வண்டி எடுப்பாரு, தோட்டத்துல தான் தண்ணி ஊத்துவாரு. அவருக்கு யாரும் சொல்லலீங்க.

எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 30 கிராம் கணக்குல கரைச்சு, பிளக் எல்லாம் புதுசா பித்தளைல போட்டு, ஹீட்டர் வால்வு ஓட்டையும் அடைச்சு, எஞ்சினை சூடு பண்ணி ராத்திரி முழுக்க விட்டேன். காலைல வடிச்சா டீ டிக்காஷன். ஆப்பசோடா கரைச்சு ஒரு தடவை ஓட்டி, அப்புறம் ஹோஸ் தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு தெளிவா வர்ற வரைக்கும் ஏழு தடவை கழுவினேன்.

ஒரே ஒரு அடி வாங்கினது ஸ்டாட் வால்வு மூடிலதான். அலுமினிய மூடி, இரும்பு ஸ்டட், மூணுல ஒண்ணு ஒட்டிப் போய் திருகும்போது முறிஞ்சுடுச்சு. ஹெட்ல பாதி உள்ள நிக்குது. யாராச்சும் இதை எடுத்திருக்கீங்களா?

நீலகிரி_மைனர்:
எடுத்திருக்கேன். அவசரப்பட்டு ஈஸி அவுட் (முறிஞ்ச ஸ்டட்டுல ஓட்டை போட்டு திருகி எடுக்கற கருவி) போடாதீங்க, அது உள்ளேயே உடைஞ்சா அதை எந்த ட்ரில்லும் தொடாது. முறிஞ்ச முனை கொஞ்சம் வெளிய நிக்குதுன்னா அது மேல ஒரு நட்டை வச்சு நட்டோட நடுவுல வெல்டிங் பண்ணச் சொல்லுங்க, அந்த சூட்டுலயே துரு விட்டுடும், சிவப்பு தணிஞ்சதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி திருகினா வந்துடும். ஹெட் மட்டத்துக்கு முறிஞ்சிருந்தா லேத் பட்டறைல நட்டநடுவுல ட்ரில் பண்ணி எடுக்கறது தான் பாதுகாப்பு. புது ஸ்டட் போடும்போது காப்பர் க்ரீஸ் தடவுங்க, அடுத்த தடவை கழட்டறவர் உங்களை வாழ்த்துவார்.

மார்க்2_கோவை:
அரை இன்ச் வெளிய நின்னுச்சுங்க, நட்டு வெல்டிங் ரெண்டாவது தடவைல வந்துடுச்சு. மூணு ஸ்டட்டும் புதுசு போட்டாச்சு. 82 வால்வு மூணு வாங்கி அடுப்புல சோதிச்சேன், ஒண்ணு 95 தாண்டியும் திறக்கல, கடைக்காரர் மாத்தி குடுத்துட்டாரு. நல்லதுல ஒண்ணு வண்டில, ஒண்ணு டிக்கில, மதுரை அண்ணன் சொன்ன மாதிரி ஸ்பேனரும் பேக்கிங்கும் கூட.

கூலன்ட் என்ன போடறதுங்க? கடையில பச்சை, சிவப்பு, நீலம்னு வச்சிருக்காங்க.

பழைய_பிஎம்சி:
கலரை நம்பாதீங்க, அதுக்கு ஒரு பொது விதி கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு சாயம் போடுவாங்க. டப்பா பின்னாடி படிங்க. நம்ம ரேடியேட்டர் செம்பு, பித்தளை, ஈய ஒட்டு. அதுக்கு பழைய வகை ஐஏடி (IAT) கூலன்ட் தான் ஏத்தது, செம்பு பித்தளைக்கு ஒத்துக்கும்னு எழுதியிருக்கணும். புது அலுமினிய வண்டிகளுக்கான நீண்ட ஆயுள் வகை வேண்டாம், ஈய ஒட்டுக்கு அது ஒத்துக்காதுன்னு பழைய வண்டி வச்சிருக்கிற பல பேர் தவிர்க்கிறாங்க, நானும் தவிர்க்கிறேன். ஐஏடிக்கு ரெண்டு வருஷம் தான் ஆயுசு, அதுக்கு மேல துரு தடுக்கிற மருந்து தீர்ந்துடும்.

அளவு 30 சதவீதம் போதும், மீதி டிஸ்டில்டு வாட்டர். பாதிக்குப் பாதி போட்டா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க, சூட்டை ஏத்திக்கிட்டு போறதுல தண்ணிக்கு நிகர் இல்ல, கூலன்ட்ல இருக்கிற கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். ஊட்டியில உறைபனி காலத்துல ராத்திரி நிறுத்தினாலும் 30க்கு தாங்கும்.

அப்புறம் ஒண்ணு. இந்த வண்டிக்கு ரெக்கவரி பாட்டில் (வெளிய தள்ளற தண்ணியைப் பிடிச்சு திரும்ப குடுக்கறது) கிடையாது. கழுத்து வரைக்கும் ததும்ப ஊத்தினீங்கன்னா சூடாகி விரியும்போது அந்த மிச்சத்தை குழாய் வழியா வெளிய தள்ளிடும். மறுநாள் பார்த்துட்டு குறையுதுன்னு திரும்ப ஊத்துவாங்க, திரும்ப தள்ளும், கடைசில கூலன்ட் எல்லாம் போய் வெறும் தண்ணி தான் நிக்கும். கழுத்துக்கு கீழ ஒரு இன்ச் விட்டுடுங்க. முதல் தடவை ஊத்தும்போது வண்டி மூக்கு மேல இருக்கிற மாதிரி ஏத்தத்துல நிறுத்தி மெதுவா ஊத்துங்க, காத்து நிக்காம வெளிய வந்துடும், வால்வுல இருக்கிற குட்டி ஓட்டை மேல்பக்கம் வர்ற மாதிரி மாட்டியிருக்கீங்க தானே.

டாக்ஸி_மதுரை:
நாங்க எல்லா நாளும் கழுத்து நிறைய ஊத்துனோம் சார். காலைல எழுந்தா முதல் வேலையே அதுதான், ஒரு செம்பு தண்ணி. தெருக்குழாய்ல பிடிச்ச தண்ணி. இப்பத்தான் தெரியுது எதுக்கு தினமும் ஒரு செம்பு குடிச்சுச்சுன்னு.

மார்க்2_கோவை:
இந்த வாரம் போய்ட்டு வந்துட்டோமுங்க.

வியாழக்கிழமை முதல்ல தனியா ஒரு தடவை ஏறினேன், ஒவ்வொரு அஞ்சு வளைவுக்கும் நிறுத்தி டேப் மேல அளந்தேன். கல்லாறுல ஸ்டாட் வால்வு மூடி 84. பர்லியாறுல 92. பதினாலாவது வளைவு தாண்டி 95. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் கிட்ட 93. பிளாக் பின்பக்கம் முன்ன 119 காட்டுன அதே இடம், இப்ப உச்சத்துல 97. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 31 டிகிரி வித்தியாசம் இருந்தது 6க்கு வந்துருச்சு. ஓவர்ஃப்ளோ குழாய் நுனில ஒரு பாலிதீன் பை கட்டி விட்டிருந்தேன், மேல போய்ச் சேர்ற வரைக்கும் காஞ்ச பை தான். சிஸ்டம் முன்ன விட முக்கால் லிட்டர் கூட பிடிக்குது, அந்த இடத்துல அத்தனை வருஷமா மண்ணு இருந்திருக்குது.

சனிக்கிழமை குடும்பத்தோட போனோம். அம்மா காட்டேரி கிட்ட நிறுத்தச் சொன்னாங்க, நான் பதறிட்டேன், ஆவி எதாச்சும் பார்த்துட்டாங்களோன்னு. இல்லீங்க, அப்பா எப்பவும் அங்க நிறுத்தி டீ வாங்கித் தருவாராம். நிறுத்தி குடிச்சோம். எஞ்சின் ஐடில்ல ஓடிட்டே இருந்துச்சு, 88.

பாக்கி ஒண்ணு இருக்குது. எஞ்சின் பின்பக்கம், கிளச் ஹவுசிங் பார்த்த மாதிரி ஒரு கோர் பிளக் இருக்குது, கியர் பாக்ஸ் இறக்காம அதைத் தொட முடியாது. பக்கத்து பிளக் அப்பளமா போயிருந்ததைப் பார்த்ததுக்கு அப்புறம் அது எனக்கு உறுத்தலா இருக்குதுங்க. இப்பவே இறக்கறதா, கிளச் வேலை வரும்போது பார்க்கறதா?

யாழ்_ஆஸ்டின்:
கிளச் வேலை வரும்வரைக்கும் பொறுக்காதேங்கோ. அது விட்டால் தண்ணி நேரா கிளச் தட்டில போகும், அதுக்குப் பிறகு ரெண்டு செலவு. ஹவுசிங்குக்குக் கீழ இருக்கிற சின்ன ஓட்டையில ஒவ்வொரு கிழமையும் விரல் வச்சுப் பாருங்கோ, ஈரம் தட்டினால் ஓடாதேங்கோ. கூலன்ட் விட்டிருக்கிறதால நிறம் காட்டிக் குடுக்கும், அது ஆயிலோ தண்ணியோ எண்டு குழம்பத் தேவையில்லை. இந்த இழையைப் பாத்துட்டு நானும் எங்கட ஆஸ்டின்ர பின்குழாயைத் திறந்து பாத்தனான், ஆறு வருசத்துக்கு முதல் சுத்தம் செய்தது, தண்ணி வந்தது, ஆனால் மெல்லிசா.

மார்க்2_கோவை:
சரிங்கண்ணா, அடுத்த மாசமே கியர் பாக்ஸ் இறக்கிடறேன். பித்தளை பிளக் ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சிருக்கேன். நீங்களும் அந்த போக்ஸ் கம்பியை விட்டுருங்க, முனையை ஒரு அரை இன்ச் மட்டும் வளைச்சுக்கோங்க, அதுக்கு மேல வளைச்சா ஓட்டைல இருந்து திரும்ப வர மாட்டேங்குது.